யோனெக்ஸ் மேவிஸ் 350: பெரியவர்கள் ஷட்டில் ஆட ஆரம்பிக்க இந்த நைலான் காக் போதும்

ஆறு காக் இருக்கும் ஒரு சின்ன உருளை டப்பா. விலை ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே, கடைக்குக் கடை மாறும். பெரியவர்கள் உடற்பயிற்சிக்கென்று வாங்கும் பொருள்களில் இவ்வளவு பயன்படும் ஒன்றை நான் வேறு பார்க்கவில்லை. கொஞ்சம் அதிகமாகச் சொல்வதுபோலத் தெரியலாம், ஆனால் இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

எங்கள் குழு திருச்சியில் தகரக் கூரை போட்ட ஒரு இன்டோர் கோர்ட்டில் காலையில் ஆடுகிறது. வங்கி ஊழியர்கள், பள்ளி ஆசிரியைகள், மளிகைக் கடைக்காரர் ஒருவர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பெரும்பாலானவர்கள் பள்ளிக்கூடத்தோடு விளையாட்டை விட்டவர்கள், பிறகு சர்க்கரையோ பிரஷரோ வந்து டாக்டர் "தினமும் நடங்க" என்று சொல்லி அனுப்பியவர்கள். நடப்பது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தனியாக நடக்கப் போகிறவருக்கு இன்று வேண்டாம் என்று விட்டுவிட ஒரு காரணம் எப்போதும் கிடைக்கும். ஷட்டிலில் அது நடக்காது, ஏனென்றால் ஒருவர் வராவிட்டால் மற்ற மூன்று பேருக்கு டபுள்ஸ் இல்லை. ஐந்தே முக்கால் தாண்டினால் போன் வந்துவிடும்: "அண்ணே, கிளம்பிட்டீங்களா இல்லையா?"

சரி, காக்குக்கு வருகிறேன்.

பெரியவர் ஒருவர் மறுநாள் கோர்ட்டுக்கு வருவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்வது ரேலியின் நீளம். இத்தனை பேர் வந்ததையும் நின்றுபோனதையும் பார்த்து எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம் இது. காக் கீழே விழாமல் பத்து முறை, பதினைந்து முறை போய் வந்துவிட்டால் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பார்கள், இன்னொரு தடவை என்பார்கள். இரண்டாவது அடியிலேயே விழுந்து, குனிந்து எடுத்து, சர்வீஸ் போட்டு, மறுபடியும் குனிந்து எடுத்து என்று அரை மணி நேரம் போனால் அவருக்குக் கிடைப்பது இடுப்பு வலி மட்டும்தான். அதனால் புதியவர்களுக்கு எதை வாங்கினாலும் அது ரேலியை நீட்டுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும், விலையுயர்ந்த ராக்கெட்டெல்லாம் அப்புறம்.

ரேலி நீளுவதற்கு இந்த விளையாட்டிலேயே ஒரு வசதி இருக்கிறது. பந்தோடு ஒப்பிட்டால் காக்குக்குக் காற்றுத் தடை மிக அதிகம், அந்தப் பாவாடை போன்ற பகுதி காற்றைப் பிடித்து நிறுத்துகிறது. 2023-இல் இந்திய ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஓங்கி அடித்த ஒரு ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸ் சாதனையாகப் பதிவானது. ராக்கெட்டை விட்டுக் கிளம்பும்போது இருக்கும் வேகம் அது, சில மீட்டர் போவதற்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். நம்மைப் போன்றவர்கள் மெதுவாகத் தூக்கி அடிக்கும் காக் மேலே போய், ஒரு கணம் தயங்கி, கிட்டத்தட்ட நேராகக் கீழே வருகிறது. அந்தத் தயக்கம் போதும், ஐம்பது வயதுக்காரர் இரண்டு எட்டு வைத்து அதன் அடியில் போய் நின்றுவிடலாம். டென்னிஸில் இந்த நிலைக்கு வர ஒரு கோச்சும் பல மாதங்களும் தேவைப்படும்.

இறகுக் காக்கை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பறப்பதில் அதற்கு ஈடு இல்லை, போட்டிகளில் அதைத்தான் ஆடுகிறார்கள். 16 இறகுகள், எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை இருக்க வேண்டும் என்று விதி. வாத்து அல்லது கூஸ் இறகு, கையால் தரம் பிரித்துக் கோர்ப்பது, அதனால் விலை ஏற்கெனவே அதிகம், சமீப வருடங்களில் இன்னும் ஏறிவிட்டது. பழகாத கை அடிக்கிற அடி பாதி ராக்கெட்டின் ஃபிரேமில் விழும். ஒரு இறகு முறிந்தாலே காக் தள்ளாடிக்கொண்டு போகும், இரண்டு முறிந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பணச் செலவைவிடப் பெரிய கெடுதல் ஒன்று இதில் இருக்கிறது: விலை தெரிந்தவர்களுக்கு அடிக்கவே கை கூசும். "என்னால உடைஞ்சிடப் போகுது" என்று தயங்கித் தயங்கி அடிக்கிறவர் ஓடுவதும் இல்லை, வியர்ப்பதும் இல்லை. நன்றாக ஆடுகிறவர்கள் நான்கு பேர் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று இறகுக் காக்குகளை முடித்துவிடுவார்கள். நைலான் காக் ஒன்றை எங்களைப் போன்ற மிதமான ஆட்டக்காரர்கள் பல நாள் ஓட்டலாம்.

இன்னொரு பக்கம், பொம்மைக் கடையில் ராக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் மலிவு பிளாஸ்டிக் காக் இருக்கிறது. அதைத் தயவுசெய்து பெரியவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அடிப்பாகம் கெட்டி பிளாஸ்டிக்காகவோ ஸ்பாஞ்சாகவோ இருக்கும், காக் திரும்பாமலே கல்லுபோல வரும், முழங்கைக்கும் நல்லதில்லை. ஷட்டில் தனக்கு வராது என்று முடிவு கட்டிய எத்தனையோ பேர் ஆடிப் பார்த்தது இதை வைத்துத்தான்.

மேவிஸ் 350 இரண்டுக்கும் நடுவில். அடிப்பாகம் உண்மையான கார்க், மேல்பகுதி நைலான். அடித்ததும் காக் ஒழுங்காகத் திரும்பி, தலை முன்னால் வரப் பறக்கிறது, அதனால் எங்கே வரும் என்று புதியவர்களாலும் கணிக்க முடிகிறது. மஞ்சள், வெள்ளை என்று இரண்டு நிறம் உண்டு. நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு நான் மஞ்சளைத்தான் சொல்வேன், டியூப்லைட் வெளிச்சத்தில் வெளுத்த சுவருக்கு முன்னால் வெள்ளைக் காக் காணாமல் போய்விடுகிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது காக்கின் கார்க்கைச் சுற்றியிருக்கும் வண்ண வளையம், அது காக்கின் வேகத்தைக் காட்டுகிறது. பலர் அதை அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. காற்று சூடாக இருந்தால் அடர்த்தி குறையும், தடை குறையும், காக் தூரம் போகும், ஆகவே சூடான ஊருக்கு மெதுவான காக். பச்சை வளையத்துக்கு நிறுவனம் சொல்லும் அளவு 22 முதல் 33 டிகிரி வரை. திருச்சி, மதுரை, சென்னை, வேலூர் எல்லாவற்றுக்கும் பச்சைதான். கடைக்காரர் நீலத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லி மாற்றி வாங்குங்கள், நம் வெயிலில் அது கோட்டைத் தாண்டித் தாண்டி விழும், ரேலி அறுந்துகொண்டே இருக்கும். ஊட்டி, கொடைக்கானலில் குளிர் இருந்தாலும் உயரத்தில் காற்று மெலிதாக இருக்கும், அதனால் அங்கே அடித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் விதிப்புத்தகத்தில் சொன்ன சோதனையே சுலபமானது: பின்கோட்டில் நின்று, கீழிருந்து முழு வீச்சில் மேல்நோக்கி, பக்கக் கோட்டுக்கு இணையாக அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் உள்ளே விழுந்தால் வேகம் சரி. குழுவில் நன்றாக அடிக்கத் தெரிந்த ஒருவர் இதைச் செய்து பார்த்தால் போதும். ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே பத்து மணிக்கெல்லாம் 33 டிகிரி தாண்டிவிடும், அப்போது பச்சையும் கொஞ்சம் ஓடும், அந்த நாளில் கையை அடக்கித்தான் ஆட வேண்டும்.

குறைகளும் உண்டு, நைலானுக்கே உரியவை. இறகுக் காக்போலச் செங்குத்தாக இறங்காது, கொஞ்சம் தட்டையாகப் பாயும். நெட்டை ஒட்டி மெல்ல விடும் டிராப் நினைத்ததைவிட ஒரு சாண் தள்ளி விழும். ஓங்கி ஸ்மாஷ் அடிக்கும் இளைஞர்கள் கையில் மாட்டினால் பாவாடை சீக்கிரம் நெளிந்துவிடும், நெளிந்த காக் ஆடிக்கொண்டே வரும், அதை எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும், மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஆடினால் ஆட்டம் கெடும். போட்டிக்குத் தயாராகிறவர்கள் இதில் பழகவே கூடாது, கைக்கணக்கு மாறிவிடும். வெளியில் ஆடுகிறவர்களுக்கு இறகைவிட இது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனாலும் காற்று வந்தால் அலையும். கடற்கரை ஊர்களில் மாலைக் காற்று கிளம்பிய பிறகு மொட்டை மாடியில் நெட் கட்டுவது வீண், விடியற்காலையில் ஆடுங்கள்.

விலை மிகக் குறைவாக ஆன்லைனில் வந்தால் சந்தேகப்படுங்கள், இந்தப் பெயரில் போலிகள் சுற்றுகின்றன. டப்பாவின் சீல் பிரிக்கப்படாமல் இருக்கிறதா, கார்க்கில் உள்ள அச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இப்போது ஆடும் முறை பற்றி, இது இல்லாமல் காக்கைப் பற்றிச் சொல்வது அரைகுறை. புதியவர்கள் வந்தால் முதல் கால் மணி நேரம் பாயின்ட்டே கிடையாது. நான்கு பேரும் ஒரே அணி, காக் விழாமல் எத்தனை அடி வருகிறது என்று சேர்ந்து எண்ணுவோம். பத்தொன்பதில் காக் மூலைக்குப் போகும்போது பக்கத்து கோர்ட்டிலிருந்தும் சத்தம் வரும்: "அக்கா, விடாதீங்க, ஓடுங்க!" அந்த அக்கா நிஜமாகவே ஓடுவார். தனியாக டிரெட்மில்லில் நிறுத்தி அதே வேகத்தில் ஓடச் சொல்லிப் பாருங்கள், மாட்டார். உடம்பு களைத்ததே கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. இதற்காகத்தான் நான் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பாயின்ட் ஆட ஆரம்பித்த பிறகும் 21 வரை இழுக்க வேண்டியதில்லை, 11 போதும், வெளியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சீக்கிரம் வாய்ப்பு கிடைக்கும்.

கோபன்ஹேகனில் சுமார் 8,500 பேரை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. உட்கார்ந்தே வாழ்கிறவர்களோடு ஒப்பிடும்போது டென்னிஸ் ஆடுகிறவர்கள் 9.7 ஆண்டும், பேட்மின்டன் ஆடுகிறவர்கள் 6.2 ஆண்டும், ஜாகிங் போகிறவர்கள் 3.2 ஆண்டும், ஜிம் போன்ற ஹெல்த் கிளப் பயிற்சிக்காரர்கள் 1.5 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்ததாகக் கணக்கிட்டார்கள். ஷட்டில் ஆடினால் ஆறு வருடம் கூடும் என்று இதைப் படித்துவிடக் கூடாது, ஆடுகிறவர்களின் வசதி, வாழ்க்கை முறை எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆனால் நாலு பேரோடு சேர்ந்து ஆடுவதே ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னது எனக்குப் புதிதாகப் படவில்லை. தினமும் கோர்ட்டில் பார்ப்பதுதான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. விடிகாலை ஆட்டம் பெரும்பாலும் ஆண்களுடையதாகவே இருக்கிறது, அந்த நேரத்தில் அடுப்படியில் வேலை யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பத்து மணிக்கு வரும் ஒரு பெண்கள் குழு எங்கள் கோர்ட்டில் இருக்கிறது. அந்த நேரத்தில் கோர்ட் காலியாகக் கிடக்கும், கேட்டால் வாடகையையும் குறைப்பார்கள். உங்கள் ஊரிலும் கேட்டுப் பாருங்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வாங்கியபோது அந்தக் குழுவில் நடந்த கொண்டாட்டம் தீபாவளிக்குக் குறைந்ததல்ல. மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள் ஆயிற்றே.

நான் சொன்ன ரயில்வே பெரியவர் இளமையில் தஞ்சாவூர்ப் பக்கம் பூப்பந்து ஆடியவர், அந்த மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து ஐந்து ஐந்து பேராக ஆடுவோமே, அது. அந்த மணிக்கட்டுப் பழக்கம் இத்தனை வருடம் கழித்தும் போகவில்லை, நைலான் காக்கை இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார். கிராமத்தில் பூப்பந்து ஆடிய அப்பா, மாமா யாராவது வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

காயம் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நாற்பதுக்கு மேல் ஷட்டில் ஆடுகிறவர்களுக்குக் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் அறுவது அரிதான விஷயமல்ல, பின்னால் தாவி சட்டென்று முன்னால் பாயும்போது நடக்கும். பத்து நிமிடம் கெண்டைக்காலை நன்றாகச் சூடாக்காமல் கோர்ட்டில் இறங்கக் கூடாது, நேரமில்லை என்றால் ஒரு கேமைக் குறைத்துக்கொள்ளுங்கள். டபுள்ஸில் நெட் அருகில் நிற்பவர் பின்னால் அடிக்கும் கூட்டாளியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, காக் கண்குழிக்குள் சரியாகப் பொருந்தும் அளவுதான், நைலான் கண்ணில் பட்டால் சேதம் பெரிது. இதய நோய் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். ஓடுவதற்கான ஷூவில் குதிகால் உயரமாக இருக்கும், பக்கவாட்டில் நகரும்போது கணுக்கால் பிரளும். தட்டையான ரப்பர் அடியுள்ள ஷட்டில் ஷூவே வேண்டும். புதிதாகத் தொடங்கும் நான்கு பேர் சேர்ந்து மஞ்சள் நிறத்தில், பச்சை வளையத்தோடு ஒரே ஒரு டப்பா வாங்கினால் போதும், ராக்கெட் இருப்பதை வைத்து ஆடலாம், மிச்சப் பணத்தை ஆளுக்கொரு ஷூவில் போடுங்கள்.