உப்பு நாரத்தங்காயா, சீனக்கடை ஆரஞ்சுப் பிஞ்சா?

வயிற்று மந்தத்துக்குச் சிங்கப்பூரின் தேக்காவில் உப்பு நாரத்தங்காய் கிடைக்கும். சைனாடவுன் மருந்துக்கடையில் ஜிஷி என்னும் உலர்ந்த கசப்பு ஆரஞ்சுப் பிஞ்சு. அன்றாடத்துக்கு நாரத்தங்காய்தான் நல்லது. வீட்டிலும் போடலாம்: ஒரு கிலோ காயைச் சுருளாக நறுக்கி, 200 கிராம் கல்லுப்பு அடைத்து, ஜாடியில் 4 நாள் குலுக்கி ஊறவிட்டு, விறைக்கும்வரை வெயிலில் காயவையுங்கள். சிங்கப்பூர் ஈரக்காற்றில் அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். மழை நாளில் ஓவனில் 60 பாகை செல்சியஸில் உலர்த்துங்கள். தயிர்சோற்றுக்கு ஒரு துண்டு போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த உப்பே ஆகாது.

பிஞ்சு உணவல்ல, மருந்து. உப்புசம், மலச்சிக்கலுக்குச் சீன மருத்துவர் 3 முதல் 10 கிராம்வரை கஷாயத்தில் சேர்ப்பார். அதிலுள்ள சினெஃப்ரின் என்னும் வேதிப்பொருள் இதயத்துடிப்பைக் கூட்டக்கூடும். காப்பியோடு சேர்ந்தால் படபடப்பு அதிகம். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.