பவளத் தொட்டிக்கு விளக்கு தேர்ந்தெடுப்பது எப்படி: அக்வாஇல்லுமினேஷன் பிரைம் 16எச்டி பற்றிய மதிப்பீடு

வீட்டில் பவளம் வளர்க்க முற்படுவோர் மிகுதியாகப் பணம் செலவிடுவதும், பெரும்பாலும் தவறான அளவுகோலைக் கொண்டு தேர்ந்தெடுப்பதும் விளக்கைத்தான். கடையில் விளக்கை ஏற்றியவுடன் தொட்டி முழுவதும் ஆழ்நீலமாக மாறி, பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிரும்போது, இதைவிடச் சிறந்த விளக்கு வேறில்லை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் அந்த ஒளிர்வு வேறு. பவளம் உயிர் வாழப் பெறும் ஒளி வேறு. இரண்டையும் தனித்தனியே பார்த்த பிறகுதான் ஒரு விளக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். என் இரண்டடித் தொட்டியில் பயன்படுத்தி வரும் அக்வாஇல்லுமினேஷன் பிரைம் 16எச்டி என்னும் எல்இடி விளக்கை அந்த முறையில்தான் இங்கே மதிப்பிடுகிறேன்.

நாம் தொட்டியில் வளர்க்கும் பவளங்களில் பெரும்பாலானவை, தம் திசுவுக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லே என்னும் ஒற்றைச்செல் பாசி உருவாக்கித் தரும் உணவையே பெரிதும் நம்பி வாழ்கின்றன. அந்தப் பாசி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி. அதைத்தான் பவளம் வளர்ப்போர் 'பார்' என்ற அளவால் குறிப்பிடுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடியில் எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்பதே அந்த எண்ணின் பொருள். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் நண்பகலில் இது 2000ஐ ஒட்டியிருக்கும். தொட்டியில் அவ்வளவு தேவையில்லை. காளான் பவளங்களுக்கும் மென்பவளங்களுக்கும் 50 முதல் 100 வரை போதும். டார்ச், ஹாம்மர் போன்ற எல்பிஎஸ் (பெரிய பாலிப்புகள், அதாவது பெரிய தனியுயிர்கள் கொண்ட கல்பவளம்) வகைகள் 80 முதல் 150 வரையில் நன்றாக விரிகின்றன. அக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ் (சிறிய பாலிப்புகள் கொண்ட கல்பவளம்) வகைகளுக்கு 200 முதல் 350 வரை வேண்டும். விளக்குப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் வாட், அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. கெல்வின் எண்ணோ அந்த ஒளி நம் கண்ணுக்கு எவ்வளவு நீலமாகத் தெரியும் என்பதைத்தான் சொல்கிறது. பவளம் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு ஒளி போய்ச் சேரும் என்பதை இரண்டும் சொல்வதில்லை.

இனி விளக்குக்கு வருவோம். ஏறத்தாழ ஐந்து அங்குலச் சதுரமே உள்ள இந்தச் சிறிய விளக்கு 60 வாட்டுக்கும் குறைவாகவே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அரச நீலம், நீலம், ஊதா, வெள்ளை, பச்சை, அடர்சிவப்பு என்று ஒவ்வொரு நிறத்தையும் கைபேசிச் செயலியில் தனித்தனியே ஏற்றவும் இறக்கவும் முடிகிறது. சில நிறங்களைக் குறைவாக வைக்கும்போது மிஞ்சும் மின்திறனை மற்ற நிறங்களுக்குத் திருப்பி, அவற்றை 100 சதவீதத்துக்கு மேலும் கொண்டு செல்லலாம். எச்டி என்று நிறுவனம் குறிப்பிடுவது இந்த வசதியையே. பவளம் வளர்ப்போர் வெள்ளையையும் சிவப்பையும் பச்சையையும் குறைத்து நீலத்தை உயர்த்தி வைப்பதே வழக்கம் என்பதால், இது வெறும் விளம்பரச் சொல்லாக இல்லாமல் நாள்தோறும் பயன்படும் ஓர் அம்சமாக இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை ஒரு விளக்கின் தரம் அதன் நடுப்பகுதியில் தெரிவதில்லை, ஓரங்களில்தான் தெரிகிறது. அப்போஜி நிறுவனத்தின் எம்க்யூ-510 அளவியை இரவல் வாங்கி, அதன் உணரியை நீண்ட கோலில் கட்டி, விளக்குக்கு நேர் கீழே பாறையின் உச்சியில் வைத்துப் பார்த்தேன். நீரலைகள் ஒளியைக் குவித்தும் சிதறடித்தும் விடுவதால் திரையில் எண் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நீரோட்ட மோட்டார்களை நிறுத்தி நீர் அமைதியடைந்த பிறகே நம்பத்தக்க அளவு கிடைத்தது. நடுவில் அக்ரோபோராவுக்குப் போதுமான ஒளி இருந்தது. உணரியை அங்கிருந்து கண்ணாடிச் சுவரை நோக்கி மெல்ல நகர்த்த, எண் சரசரவென்று இறங்கி, மூலையை எட்டும்போது நடுவில் இருந்ததில் பாதிகூட இல்லை. இதைக் குறை என்று சொல்வதைவிட, ஒரே புள்ளியிலிருந்து ஒளி பாய்ச்சும் எந்தச் சிறு விளக்குக்கும் உள்ள இயல்பு என்று சொல்வதே நேர்மை. விளக்கை உயர்த்திக் கட்டினால் ஓரங்களுக்குச் சற்றுக் கூடுதல் ஒளி கிடைக்கும். ஆனால் நடுவில் செறிவு குறையும், ஒரு பகுதி ஒளி தொட்டிக்கு வெளியே சிந்தி வீணாகும். இரண்டடிச் சதுரம்தான் இந்த விளக்குக்கு உச்ச வரம்பு. முழுவதும் எஸ்பிஎஸ் வளர்க்க விரும்பினால் ஒன்றரை அடி என்றே கொள்ள வேண்டும். மூன்றடித் தொட்டிக்கு ஒரே ஒரு பிரைம் போதும் என்று கடைக்காரர் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

பார் அளவி வாங்கும் விலைக்கு இன்னொரு விளக்கே வாங்கிவிடலாம் என்பது உண்மைதான். அதற்காகக் கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலியை நாட வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் உணர்திறனை ஒட்டி அமைந்த அளவு. அது பச்சை ஒளியைப் பெரிதாகவும் நீலத்தை மிகச் சிறிதாகவும் கணக்கிடுவதால், நீலம் மிகுந்த பவள விளக்கின் கீழ் அது தரும் எண் நம்மை ஏமாற்றிவிடும். அளவியை வாடகைக்குத் தரும் கடைகளும், நண்பர்களுக்குள் சேர்ந்து ஒன்றை வாங்கிச் சுற்றுக்கு விடும் குழுக்களும் உள்ளன. ஒருமுறை முறையாக அளந்து, எந்தப் பாறையில் எந்த எண் என்று குறித்துவைத்துக்கொண்டால் நெடுநாள் பயன்படும்.

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பவளத்தின் ஒளிர்நிறம் அதன் திசுவிலுள்ள புரதங்களால் உண்டாவது. 400 முதல் 500 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல ஒளியை உள்வாங்கி, அதைப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ அவை திருப்பி உமிழ்கின்றன. நீல ஒளி செறிவாக விழும்போது பல பவளங்கள் இந்தப் புரதங்களைக் கூடுதலாக உருவாக்கவும் செய்கின்றன. ஆகவே பிரைமின் ஊதாவும் அரச நீலமும் கண்ணுக்கு விருந்தளிப்பதற்கு மட்டுமல்ல. ஆயினும் எல்லா நிறமும் ஒளிர்நிறம் அன்று. சில அக்ரோபோராக்களின் நுனியிலும் சில மாண்டிபோராக்களின் விளிம்பிலும் காணப்படும் ஊதாவும் இளஞ்சிவப்பும் ஒளியைத் திருப்பி உமிழாத நிறமிகளால் ஆனவை. அவை தெரிய வேண்டுமானால் வெள்ளை ஒளி ஓரளவாவது இருந்தாக வேண்டும். தனி நீலத்தின் கீழ் அதே பவளம் மங்கிய சாம்பலாகவே தெரியும். நான் மாலை நேரத்தில் நீலத்தை மட்டும் விட்டுவைத்து, பகல் நடுவில் வெள்ளையை 20 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். திசு வெளிறுகிறதா, அடியில் பாசி படர்கிறதா என்பதெல்லாம் அந்த வெள்ளை ஒளியில்தான் பளிச்சென்று தெரிகிறது.

கிளைகள் அடர்ந்த பவளத்தின் மேற்புறம் நல்ல நிறத்தோடும், நிழல் விழும் கீழ்ப்புறம் பழுப்பாகவும் இருப்பதை இந்த விளக்கின் கீழ் காணலாம். டி5 குழல் விளக்குகள் வலுவாக நிற்பது இந்த இடத்தில்தான்: நீளமான குழல்கள் பல கோணங்களிலிருந்து ஒளி பரப்புவதால் நிழல் மென்மையாகிறது. ஆனால் அந்தக் குழல்களை ஓராண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கிறது. பாதரசம் அடங்கிய குழல்களை ஐரோப்பிய ஒன்றியம் படிப்படியாக விலக்கி வருவதால் அவை கிடைப்பதும் அருகி வருகிறது. பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகளின் ஒளிக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. ஆனால் அவை தரும் வெப்பத்துக்கு நம்மைப் போன்ற வெயில் நாட்டினர் குளிரூட்டிக்கும் சேர்த்து மின்கட்டணம் கட்ட நேரும். கெசில் ஏ360எக்ஸ், எல்இடிகளை ஒரே திரளாக நெருக்கி அமைத்திருப்பதால் மணலில் சிவப்பும் பச்சையுமாக நிழல் பிரியாமல், உண்மையான கடலடியில் காண்பதுபோல் நீரலையோடு அசைந்தாடும் ஒளிக்கீற்றுகளைத் தருகிறது. அழகை மட்டும் கருதினால் நான் அதையே முதலில் வைப்பேன். நிறங்களை ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்த விரும்புவோருக்குப் பிரைம் பொருந்தும்.

புதிய விளக்கை மாட்டிய அன்றே முழு வீச்சில் ஏற்றுவது பவளத்துக்குச் செய்யும் பெருங்கேடு. குறைந்த ஒளிக்குப் பழகிய திசு திடீர்ச் செறிவைத் தாங்க முடியாமல் தன் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். செயலியில் இதற்கென்றே ஒரு பழக்கும் முறை இருக்கிறது. பாதி அளவில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக உயர்த்த அதை ஏவிவிடலாம். அந்த நாட்களில் பவளத்தைக் கவனித்துப் பாருங்கள். டார்ச் பவளத்தின் கைகள் சுருங்கியே இருந்தால் ஒளி அதிகம். பொத்தான் வடிவ ஜோவாந்தஸ் பவளத்தின் காம்பு நீண்டு மேலெழுந்தால் ஒளி போதவில்லை. அக்ரோபோரா பழுப்பேறினாலும் ஒளி குறைவு என்றே பலர் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தாலும் பாசி பெருகி அதே பழுப்பு வரும். நீரைச் சோதிக்காமல் விளக்கின் மேல் பழி போடக் கூடாது.

இந்திய வாசகர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். மன்னார் வளைகுடா உட்பட நம் கடல்களிலுள்ள கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். எவ்வளவு நல்ல விளக்கு இருந்தாலும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பவளத்தை வாங்காதீர்கள்.

விளக்கின் விலை சுமார் 250 அமெரிக்க டாலர். தாங்கும் கை தனியாக வாங்க வேண்டியது என்பதால், மொத்தச் செலவைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே விசிறி இருப்பதால் தூசியும் உப்பும் படியும். விளக்கின் வில்லையில் தெறித்து உலரும் உப்புப் படலம் ஒளியைக் குறைத்துவிடுகிறது. மாதம் ஒருமுறையாவது மின்னிணைப்பைத் துண்டித்து, ஆர்ஓ நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் வில்லையைத் துடையுங்கள். நெடுநாள் துடைக்காமல் விட்டிருந்தால், துடைத்த அன்று செறிவைச் சிறிது இறக்கி வைத்து, பிறகு மெல்ல உயர்த்துங்கள்.