இலகு ஃபிளைவீலுடன் நான்கு ஆண்டுகள்

பாலக்கோடு பக்கம் எங்கள் தாத்தாவின் கிணற்றுமேட்டில் ஓர் ஆயில் என்ஜின் இருந்தது. இரண்டு பக்கமும் கனத்த இரும்புச் சக்கரங்கள். கைப்பிடியை மாட்டித் தாத்தா சுற்றத் தொடங்கினால் முதல் சில சுற்றுகளுக்கு மூச்சு வாங்கும். அதன்பின் சக்கரம் தன் போக்கில் வேகமெடுக்கும். டீசலை நிறுத்திய பிறகும் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். இவ்வளவு எடை எதற்கு என்று சிறுவயதில் கேட்டேன். "ஓர் அடி அடித்த பிறகு அடுத்த அடி வரும்வரை என்ஜின் சாகாமல் இருக்க வேண்டாமா? அதற்குத்தான்" என்றார். ஃபிளைவீலுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தைப் பின்னர் கல்லூரியிலும் நான் கேட்டதில்லை.

கார் என்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவே சுழலும் ஃபிளைவீலில் அந்த எடையைக் குறைத்துவிட்டு நான்கு ஆண்டுகளாக, 41,000 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். வண்டி 2002ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 விடெக். நான்கு கதவு இருந்தாலும் என் கணக்கில் அது ஸ்போர்ட்ஸ் கார்தான். 106 குதிரைத்திறன், எடை குறைந்த உடல், சுற்று ஏற ஏற உயிர்பெறும் என்ஜின். ஒரே குறை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சுற்று இறங்கத் தாமதிக்கும். வளைவுக்கு முன் கியரைக் குறைக்கும்போது காலால் ஒரு தட்டுத் தட்டிச் சுற்றை ஏற்றினால் அதுவும் சோம்பலாகவே ஏறும்.

கிளட்ச் தேய்ந்து கியர்பாக்ஸை எப்படியும் இறக்க வேண்டிய நேரம் வந்தபோது ஃபிளைவீலையும் மாற்ற முடிவு செய்தேன். மாற்ற நினைப்பவர்கள் அந்த நேரத்துக்காகக் காத்திருங்கள். கூலி ஒரு முறையோடு முடியும்.

முதலில் வந்த யோசனை, பழைய ஃபிளைவீலையே லேத்தில் கடைந்து இலகுவாக்குவது. ஓசூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? செலவும் மிகக் குறைவு. ஆனால் என்னிடம் இருந்தது வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. சுழலும்போது ஃபிளைவீலைப் பிய்க்கப் பார்க்கும் விசை வேகத்தின் இருமடியில் கூடுகிறது: நிமிடத்துக்கு 3,500 சுற்றில் இருப்பதைப் போல 7,000 சுற்றில் நான்கு மடங்கு. எங்கே எவ்வளவு கடையலாம் என்று கணக்குப் போடாமல் கண்மதிப்பில் கடைந்த ஃபிளைவீல் உடைந்தால், துண்டுகள் பறக்கும் தளத்தில்தான் ஓட்டுநரின் கால்கள் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேசமாட்டேன். அலுமினிய ஃபிளைவீல் இன்னும் இலகுவானது, ஆனால் அதில் கிளட்ச் உரசும் பரப்புக்குத் தனியாக ஓர் எஃகுத் தட்டைப் பொருத்தியிருப்பார்கள். ஒரே துண்டாக இருக்கும் குரோம்-மாலிப்டினம் எஃகு ஃபிளைவீலை, பந்தய உதிரிபாகங்களுக்கான எஸ்.எஃப்.ஐ. 1.1 பாதுகாப்புச் சான்று உள்ளதாகப் பார்த்து வாங்கினேன்.

கழற்றிய பழையதையும் புதியதையும் நண்பரின் மாங்காய் மண்டித் தராசில் வைத்தோம். பழையது 7.8 கிலோ, புதியது 4.4 கிலோ. வித்தியாசம் 3.4 கிலோதானே என்று தோன்றும். ஆனால் அந்த எடை எங்கிருந்து குறைந்தது என்பதுதான் கேள்வி. மையத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருக்கும் இரும்பு, சுழற்றுவதற்கு நான்கு மடங்கு கனம். புதியதில் விளிம்போரம்தான் அதிகம் குறைத்திருந்தார்கள்.

இதன் பலன் கியருக்குக் கியர் மாறும். முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் ஏறக்குறைய 13 சுற்றுச் சுற்றுகிறது. ஐந்தாவதில் 3 சுற்றுதான். இந்த எண்ணின் இருமடிதான் கணக்கில் வரும் என்பதால், வேகமெடுக்கும்போது முதல் கியரில் ஓர் ஆள் வண்டியிலிருந்து இறங்கிவிட்டது போன்ற பலன். ஐந்தாவதில் நான்கு கிலோ அரிசிப் பையை இறக்கி வைத்த பலன். குதிரைத்திறன் ஒன்றுகூடக் கூடவில்லை. கூடியதாகச் சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

பொருத்தியதும் பெரிய ஏமாற்றம். கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி முழுவதும் நடுங்கியது. ஃபிளைவீலே கோணல் என்றார்கள் பொருத்திய பட்டறையில். பதினைந்து நாள் மனம் நொந்து ஓட்டினேன். பிறகு தருமபுரியில் எங்களுக்குப் பழக்கமான வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்பும் எண்ணெயைத் துடைக்காமலே மாட்டியிருக்கிறார்கள்" என்றார். எண்ணெய் ஊறிய பிளேட் குப்பைக்குப் போயிற்று. ஃபிளைவீலைக் கரைப்பான் ஊற்றித் துடைத்து, புதிய போல்ட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு முறுக்கினார். கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றினார். என்ஜினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனைப் புல்லியையும் இலகுவாக்கலாமா என்று நான் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "அதற்குள் இருக்கும் ரப்பர்தான் கிராங்கின் முறுக்கு அதிர்வை அடக்குகிறது. அதில் கை வைக்காதீர்கள்." கை வைக்கவில்லை.

அதன்பின் வத்தல்மலை ஏறிய காலையை என்னால் மறக்க முடியாது. காப்பியும் மிளகும் விளையும் அந்த மலைக்குப் போகும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வலது காலின் ஓரத்தால் ஒரு தொடு தொட்டால் போதும், சுற்றுமானி முள் துள்ளி ஏறி நின்றது. கிளட்ச் விட்டதே தெரியவில்லை. வளைவை விட்டு வெளியே வரும்போது என்ஜின் என் பாதத்தோடு தைத்துவைத்தது போல இருந்தது. நான் கொடுத்த காசு இதற்குத்தான். 41,000 கி.மீ. கடந்தும் இந்த இன்பம் குறையவில்லை.

இறக்கத்தில் என்ஜின் பிரேக் பலமாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. காலை எடுத்ததும் பிடிப்பு விரைவாக வருகிறது, அவ்வளவுதான். தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி லாரிகளுக்கு நடுவே ஒரே வேகத்தில் நான்காவது கியரில் இறங்கும்போது பழைய ஃபிளைவீலுக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் இல்லை. அந்த இறக்கத்தில் பொறுமைதான் காப்பாற்றும். பெங்களூரு சாலையில் சீரான வேகத்தில் போகும்போதும் அப்படியே. பெட்ரோல் கணக்கை நோட்டில் எழுதி வருகிறேன், மாற்றம் தெரியவில்லை.

சங்கடம் எல்லாம் ஊருக்குள்தான். மாம்பழப் பருவத்தில் மண்டிகளுக்கு வரும் டிராக்டர்களும் மினி லாரிகளும் கிருஷ்ணகிரிச் சாலைகளை அடைத்துக்கொள்ளும்போது, அரையடி நகர்ந்து நிற்பது பெரும் வேலை. சும்மா கிளட்சை விட்டால் வண்டி நகர்ந்த காலம் போய்விட்டது. கொஞ்சம் சுற்று ஏற்றித்தான் விட வேண்டும், இல்லையென்றால் அணைந்துவிடும். ஏசி கம்ப்ரசர் ஏறும் கணத்தில் சுற்று சரிந்து நிமிரும். ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இருக்கும் ஐடில் சுற்றை 750இலிருந்து 850க்கு உயர்த்திய பிறகு அது பெருமளவு அடங்கியது. நியூட்ரலில் கிளட்சை விட்டு நின்றால் கியர்பாக்ஸிலிருந்து கடகடவென்று மெல்லிய ஒலி வரும். கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். முன்பு ஃபிளைவீல் விழுங்கிய அதிர்வு இப்போது கியர்பாக்ஸ் பற்களுக்குப் போகிறது. ஸ்பிரிங் வைத்த கிளட்ச் பிளேட்டைப் போட்டதால் இந்த அளவோடு போயிற்று. நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பகுதியாகச் செய்த இரட்டை ஃபிளைவீல் உள்ள புதிய வண்டிகளில் அதை எடுத்துவிட்டு ஒற்றையைப் போட்டால் ஒலி இதைவிட அதிகமாகவே இருக்கும். மேலும் புதிய வண்டிகளின் கணினி, கிராங்க் வேகத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்தே சிலிண்டரில் எரிப்புத் தவறுகிறதா என்று பார்க்கிறது. இலகு ஃபிளைவீலின் ஏற்ற இறக்கத்தைத் தவறாக எடுத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கைப் போடக்கூடும்.

என் மனைவிக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. முதல் வாரத்திலேயே சுங்கச்சாவடி வரிசையில் மூன்று முறை வண்டி அணைந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். "உங்களுக்கு மலையில் கிடைக்கும் சந்தோஷத்துக்கு நான் டோல்கேட்டில் விலை கொடுக்கிறேன்" என்றாள். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. வீட்டில் இருவர் ஓட்டும் வண்டி என்றால் இருவரையும் கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அணைக்குப் போகும் சாலையில் சேர்ந்து பழகினோம். இப்போது கியர் மாற்றுவதில் என்னைவிட அவள் கை விரைவு. இந்த ஃபிளைவீலுக்கு அது அவசியம்: மெதுவாக மாற்றினால் அதற்குள் சுற்று கீழே விழுந்துவிடும், வண்டி குலுங்கும்.

கிளட்ச் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. போன மாதம் கீழிருந்து பார்த்த மெக்கானிக் ஃபிளைவீல் விளிம்பில் ஸ்டார்ட்டர் மோட்டார் கடிக்கும் ரிங் கியர் பற்களில் தேய்மானம் இல்லை என்றார். பழைய ஃபிளைவீலுக்குக் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றிப் பாலக்கோட்டு வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும் நாள் வந்தால், வாங்குபவர் கேட்காவிட்டாலும் அதைச் சேர்த்தே கொடுப்பேன்.