மும்பை வந்தா வசாய் கோட்டைக்கும் போங்க (போக வர வசதி எப்படி இருக்கு)

லீவுல மும்பை வர்ற நம்ம ஆளுங்க கேட்வே, எலிஃபண்டா, மெரின் டிரைவ்னு முடிச்சுட்டு பிளைட் ஏறிடறாங்க, இந்த வாட்டி ஒரு நாள் மும்பைக்கு வடக்கே இருக்கற வசாய்க்குனு ஒதுக்குங்க. நாங்க டொராண்டோலேர்ந்து வந்து சயான்ல அத்தை வீட்ல தங்கியிருந்தோம், அங்கேர்ந்து தாதர் போய் வெஸ்டர்ன் லைன்ல விரார் லோக்கல் புடிச்சோம். காலைல கூட்டமெல்லாம் சர்ச்கேட் பக்கம்தான் போகும்ங்கறதால அத்தைக்கு ஜன்னல் சீட்டே கிடைச்சது, டிக்கெட்டும் போன்லயே எடுத்தாச்சு, இந்த தூரத்துக்கு இவ்ளோ கம்மி காசுல இப்படி ஒரு வண்டி டொராண்டோல நினைச்சே பாக்க முடியாது. வசாய் ரோடுல வெஸ்ட் சைடு இறங்கி ஆட்டோக்காரர்கிட்ட "கில்லா"ன்னா (மராத்தில கோட்டை) போதும்.

உள்ள போனா ஒரு ஊரே இடிஞ்சு கிடக்கு. 1534-ல குஜராத் சுல்தான் பகதூர் ஷா போர்ச்சுகீசியருக்கு எழுதிக் குடுத்த இடம், அந்த ஒப்பந்தத்துலதான் பம்பாய் தீவுகளும் அவங்க கைக்கு போச்சு, அப்புறம் 1739-ல சிமாஜி அப்பா தலைமையில மராட்டியர் முற்றுகை போட்டு புடிச்சாங்க, 1802-ல மராட்டிய பேஷ்வா (தலைமை அமைச்சர்) இரண்டாம் பாஜிராவ் பிரிட்டிஷ்காரங்களோட ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டதும் இதே வசாய்லதான். செயின்ட் ஜோசப் சர்ச் கோபுரம் இன்னும் நிக்குது. பிரான்சிஸ்கன் சர்ச்சுல தரையிலயே போர்ச்சுகீசிய எழுத்து வெட்டின கல்லறைக் கல்லுங்க, ஆலமர வேர் சுவத்தைக் கவ்விட்டு இறங்குது, பசங்க ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு தடவிப் பாத்தாங்க. 1597-ல ஜப்பான் நாகசாகில சிலுவையில அறையப்பட்ட புனித கொன்சாலோ கார்சியா இந்த ஊர்ல பொறந்தவர்னு சொன்னதும் என் பொண்ணு கேள்வி மேல கேள்வி.

ஆனா வசதினு பாத்தா மனசு வலிக்குது. எந்த சர்ச் எதுன்னு சொல்ல ஒழுங்கா ஒரு போர்டு இல்ல, இருந்த ஒண்ணு ரெண்டும் வெளுத்துப் போச்சு, குடிக்க தண்ணி எங்கயும் கண்ணுல படல. அத்தைக்கு 70 தாண்டிடுச்சு, டாய்லெட் தேடி வெளில வந்து ஒரு கடைக்காரம்மாகிட்ட கேட்டதும் அவங்க வீட்டையே தொறந்து விட்டாங்க, "மாவ்ஷி (சித்தி), உக்காருங்க"ன்னு அத்தைக்கு தண்ணியும் குடுத்தாங்க, அவங்க நல்லா இருக்கணும். ஆனா வயசானவங்க முன்ன பின்ன தெரியாதவங்க வீட்டை நம்பித்தான் இங்க வரணுமா? நுழைவுக் கட்டணம் கிடையாது, 50 ரூபா வாங்கிக்கிட்டு ஒரு சுத்தமான டாய்லெட் கட்டினா நான் சந்தோஷமா குடுப்பேன். சுவத்துல பேர் கிறுக்கறவங்களைத் தடுக்கவும் அன்னைக்கு யாரும் இல்ல, நானே ரெண்டு பசங்களைக் கூப்டு சொன்னேன், கேட்டுக்கிட்டாங்க.

கோட்டையை ஒட்டி கில்லா பந்தர்ல கோலி மீனவ ஜனங்க பொம்பில் மீன் காய வைப்பாங்க, கருவாடு புடிக்கும்னா அங்கயே வாங்கிக்கங்க. மழை முடிஞ்சு போங்க, தண்ணியும் தொப்பியும் கையோட இருக்கட்டும், இருட்டுறதுக்குள்ள மெயின் ரோட்டுக்கு வந்துடுங்க, உள்பக்கம் ஆட்டோ வர்றது கஷ்டம்.