பழைய பிக்கப்பின் முன்பக்கத்தை இறக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "முன்னால் இரண்டு இன்ச் இறக்கித் தருகிறோம், வெளிநாட்டு கிட் போடுகிறோம்" என்று சொல்லி எங்கள் வண்டியை வாங்கிக்கொண்ட ஒரு ஒர்க்‌ஷாப், வண்டியின் பாரத்தைத் தாங்கும் பழைய ஸ்பிரிங் பட்டைகளையே கேஸ் நெருப்பில் காய்ச்சித் தட்டி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்துத் திருப்பித் தந்தது. இடதுபக்க மெயின் பட்டையில், முனையைச் சுருட்டிப் புஷ் உட்காரவைக்கும் கண்ணுக்குப் பக்கத்தில், குறுக்கே விரிசல் விட்டிருந்தது. அது ஓட்டத்தில் முறிந்திருந்தால் முன்சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் இடம் மாறி, ஸ்டியரிங் யார் கைக்கும் அடங்கியிருக்காது. அந்த வாரம்தான் என் ஆத்தாவையும் அண்ணன் மகளையும் முன்சீட்டில் உட்காரவைத்துத் திருமயம் வரை ஓட்டிப் போயிருந்தோம். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

வண்டி 1951 செவர்லே 3100. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து 1954 வரை பம்பாயில் வண்டிகளைப் பாகம் சேர்த்துப் பூட்டி விற்ற காலத்தில், எங்கள் ஐயா புதுவயல் அரிசி ஆலைக்காக வாங்கியது. ஆறு சிலிண்டர், ஆறு வோல்ட் பேட்டரி. ஐயா காலத்துக்குப் பிறகு வீட்டின் பின்தெருப் பக்கம் கொட்டகையில் நின்றது. அண்ணன்தான் இன்ஜினை எடுத்துக்கட்டி ஓடவைத்தார். தம்பி கல்யாணத்தில் பெண் மாப்பிள்ளையை அதில் அழைத்துவர வேண்டும், அதற்குள் முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நின்றால் அழகாக இருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் ஆசை.

இந்த வண்டியின் அமைப்பைச் சொன்னால்தான் செய்த மோசடி புரியும். 1963-லிருந்து வந்த செவர்லே பிக்கப்புகளில் முன்னால் காயில் ஸ்பிரிங். அதற்கு முந்தைய எங்கள் ரகத்தில் குறுக்கே ஒரே இரும்பு ஆக்சில், இரண்டு பக்கமும் அதன்மேல் பட்டை ஸ்பிரிங். இதை இறக்க நல்ல வழிகள் உண்டு. நடுவில் கூடுதலாகத் தாழ்ந்த ஆக்சில் வாங்கிப் போடலாம். அல்லது கண்ணை எதிர்ப்பக்கமாகச் சுருட்டிய புது மெயின் பட்டை செய்யலாம், வளைவு குறைந்த புது செட்டும் அடிக்கலாம். அந்த ஒர்க்‌ஷாப்காரர் முதலில் ஆக்சிலையே சூடுகாட்டி வளைப்பதாகச் சொன்னார். அண்ணன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் கிட் கதை வந்தது. கண் மாற்றிச் சுருட்டிய புதுப் பட்டைகள், பட்டைகளை ஆக்சிலோடு பிணைக்கும் புது யூ போல்ட், குட்டை ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ஒரு தொகை பேசி, பாதிக்கு மேல் முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

வண்டி வந்ததும் பார்க்க அழகாகத்தான் நின்றது. ஓட்டிய அண்ணன் முகம் சரியில்லை. நேர்ச்சாலையில் ஸ்டியரிங் அலைந்தது. திருப்பத்தில் ஒடித்தால் தானாக நேருக்குத் திரும்பவில்லை. கானாடுகாத்தான் பக்கம் வேகத்தடை ஏறி இறங்கும்போது ஆக்சில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் 'டங்'கென்று இடித்தது. போன் செய்தால், "புது ஸ்பிரிங்குண்ணே, ஓட ஓட செட்டாயிரும்" என்றார். செட்டாகவில்லை. இடதுபக்கம் மட்டும் இன்னும் தாழ்ந்தது. மறுபடி கேட்டதற்கு, சேஸிஸை அந்த இடத்தில் கொஞ்சம் வெட்டிவிட்டால் இடிக்காது, அதற்குத் தனிச் செலவு ஆகும் என்றார்.

நல்லவேளை, அதற்கு ஒப்புக்கொள்ளாமல் லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். கீழே குனிந்து பார்த்தவர், பெயிண்டைச் சுரண்டச் சொன்னார். உள்ளே திட்டுத்திட்டாக நீலமும் கருப்புமாக நிறம். அரத்தை வைத்து இழுத்தார். நெருப்புப் பட்ட இடத்தில் எளிதாகக் கடித்தது, பக்கத்தில் அப்படிக் கடிக்கவில்லை. "தம்பி, இதுல உயிரே இல்ல. அவன் பட்டைய அவிச்சுட்டான்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். ஸ்பிரிங் எஃகை 850 டிகிரி அளவில் முழுதாகக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்திக் கெட்டியாக்கி, பிறகு 400, 500 டிகிரியில் மறுபடி சூடுகாட்டிப் பதப்படுத்துவார்கள். அழுந்திய பட்டை பழைய வளைவுக்கே திரும்புவது அந்தப் பதத்தால்தான். ஒரே இடத்தில் கேஸ் நெருப்பைக் காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். நெருப்புப் பட்ட இடம் மெத்தென்று ஆகித் தொய்யும். தண்ணீர் ஊற்றி ஆற்றியிருந்தால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பழைய பட்டையின் வளைவைக் குறைக்க வேண்டுமென்றால் சூடு இல்லாமல் பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டும், இல்லையென்றால் காய்ச்சி மறுபடி முழுப் பதம் ஏற்ற வேண்டும். இடையில் வேறு குறுக்கு வழி கிடையாது.

இத்தோடு முடியவில்லை. ஸ்பிரிங் கட்டிலிருந்து சில பட்டைகளையும் உருவியிருக்கிறார்கள். மொத்தப் பாரமும் மிச்சமிருந்த பட்டைகள்மேல் விழுந்தது. பிரேக் பிடிக்கும்போது அவை முறுக்கிக்கொண்டன. யூ போல்ட் பழையதேதான். கட்டு மெலிந்துவிட்டதால் நீளம் மிஞ்ச, வாஷர் அடுக்கி இறுக்கியிருந்தார்கள். ஷாக் அப்சார்பரும் பழையதே. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கும் ஆப்புத் தகடு திரும்பிக் கிடந்தது. சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங்பின்னின் மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருந்தால்தான் சக்கரம் தானாக நேருக்கு வரும். ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே உள்ள எங்கள் வண்டியில் அதற்குத் தகட்டின் தடித்த பக்கம் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வைத்திருந்தார்கள். ஸ்டியரிங் அலைந்ததற்குக் காரணம் அதுதான்.

உருவிய பட்டைகளைக் கேட்டால் எடைக்குப் போட்டுவிட்டதாகப் பதில். பழைய பொருளுக்கு என்ன மதிப்பு என்று காரைக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐயா காலம் முழுக்க நெல் மூட்டைகளைத் தாங்கிய அந்தப் பட்டைகளை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிப் போட்டதைத்தான் ஆத்தாவால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

சேஸிஸை வெட்டலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடத்துக்கு மேலான சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 'விஏ' எழுத்துள்ள எண் கிடைக்கும், 10 வருடம் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் பழையபடி இருக்க வேண்டும். அவர் வெட்டியிருந்தால் எங்களுக்கு அந்த வழியே அடைபட்டிருக்கும்.

வேலைக்குக் கொடுப்பதென்றால், விடும் முன் ஆக்சில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, ஸ்பிரிங் கட்டை இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பட்டை என்பது படத்தில் தெரிய வேண்டும். கழற்றிய எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். புதுப் பட்டைக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்பே போய்ப் பாருங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எங்களிடம் பில்லும் படங்களும் இருந்ததால்தான் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க முடிந்தது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், இணையத்திலும் கொடுக்கலாம். தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து கேளுங்கள். புகார் நடப்பில் இருப்பதால் ஒர்க்‌ஷாப்பின் பெயரை இங்கே போடவில்லை.

வண்டி இப்போது கொட்டகையில் ஸ்டாண்டில் நிற்கிறது. பெரியவர் புது செட் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அளவுக்கு ஒரு பழைய கட்டு வேண்டுமாம். 1947-லிருந்து 1954 வரை வந்த 3100-இன் முன் ஸ்பிரிங் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். விலைக்குத் தராவிட்டாலும் அளவெடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறோம்.