சிங்கப்பூர் – நியூயார்க் நேர் விமானம்: கிலோமீட்டர் கணக்கும் மணிக் கணக்கும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் தொடங்கிய நேர் விமானச் சேவையைப் பற்றி யார் பேசினாலும், முதலில் சொல்வது 15,349 கிலோமீட்டர் என்ற தூரத்தைத்தான். பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம் அது. இரு நகரங்களும் தீர்க்கரேகைக் கணக்கில் ஏறத்தாழ 178 பாகை விலகியிருப்பதால், அந்தக் கோடு வடதுருவத்தை உரசாத குறையாகக் கடந்து செல்கிறது. விமானமோ பெரும்பாலும் ஜப்பான் பக்கமாகப் பசிபிக் பெருங்கடலின் மேல் சென்று, மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தின் துணையோடு அமெரிக்காவை அடைகிறது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடினாலும் நேரம் மிச்சமாவதால், பயணி பார்க்க வேண்டியது மணிக் கணக்கைத்தான். அது சுமார் 18 மணி 40 நிமிடம். காற்றைப் பொறுத்து முன்பின் ஆகும்.

இதற்கென வடிவமைத்த ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க இருக்கைகள் 161 மட்டுமே: பிசினஸ் கிளாஸில் 67, பிரீமியம் எகானமியில் 94. சாதாரண எகானமி வகுப்பே இல்லை என்பதுதான் இச்சேவையின் பெரிய குறை. குடும்பத்தோடு செல்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. அவர்களுக்கு இதே நிறுவனத்தின் பிராங்க்பர்ட் வழிச் சேவை இருக்கிறது. அதில் மொத்தம் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றாலும், நடுவில் இறங்கிக் கால்களை நீட்டி நடக்கலாம். ஆக, நேர் விமானத்தில் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பது நான்கு மணி நேரமும், இடையில் எழுப்பப்படாத தூக்கமும்தான். தனியாக வேலை நிமித்தம் செல்பவருக்கு அது தகும் என்பேன்.

பிரீமியம் எகானமியில் இருக்கை வரிசைகளுக்கு இடையே 38 அங்குலம் இருப்பதால் முழங்கால் இடிப்பதில்லை. ஆனால் எவ்வளவு சாய்த்தாலும் அது நாற்காலிதான். பத்து மணி நேரத்துக்குப் பிறகு கணுக்கால் வீங்கிச் செருப்பு இறுகுவதை அகலமான இருக்கை தடுத்துவிடாது. விமானத்தின் உட்காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்கு இணையாகப் பேணப்படுவதால், பழைய விமானங்களில் வரும் தலைபாரம் மட்டும் நன்றாகவே குறைந்திருக்கிறது. உடற்பகுதி குறுகும் கடைசி மூன்று வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் உள்ளன. பக்கத்தில் யாருமின்றி, பை வைக்கவும் இடமிருக்கும் அவற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம்.

புறப்படும் நேரத்தையும் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் நியூயார்க் பின்தங்கியிருப்பதால், சிங்கப்பூரில் நண்பகல் வாக்கில் ஏறுபவர் அதே தேதியின் மாலையில் போய் இறங்குகிறார். இரவு உணவை முடித்துப் படுத்துவிடலாம். நியூயார்க்கை ஒட்டிய இன்னொரு விமான நிலையமான நியூவர்க்குக்குச் செல்லும் நள்ளிரவு விமானம் விடியலில் இறக்கிவிடுகிறது. இறங்கிய அன்றே அலுவலகக் கூட்டம் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டல் அறை கிடைக்கும் பிற்பகல் வரை கண் எரிச்சலோடு காத்திருக்க வேண்டி வரும்.