மழைநீர் இறங்கும் பேவர் பிளாக்: எங்கே உதவும், எங்கே ஏமாற்றும்

தாரோ கான்கிரீட்டோ போட்டு மூடிய பரப்பில் விழும் மழையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வழிந்தோடிவிடும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7% கூடுதலாக ஈரம் தாங்கும். அதனால்தான் இப்போது பெய்கிற மழை சில மணி நேரத்தில் மொத்தமாகக் கொட்டித் தீர்க்கிறது. நகரத்தின் வடிகால் குழாய்கள் மட்டும் பழைய மழையின் கணக்கிலேயே கிடக்கின்றன. நீர் இறங்கும் பேவர் பிளாக் இந்தச் சுமையில் ஒரு பங்கை உண்மையாகவே குறைக்கும். ஆனால் கல்லை மட்டும் வாங்கினால் குறைக்காது.

இந்தக் கல் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. மற்ற பேவர் பிளாக்கைப் போலவே கெட்டியான கான்கிரீட்தான். இரு கற்களுக்கு நடுவே விடும் இடைவெளி வழியாகத்தான் நீர் கீழே போகிறது. அந்த இடைவெளி சீராக நிற்பதற்காகவே கல்லின் பக்கவாட்டில் சிறு புடைப்புகள் வைத்து வார்த்திருப்பார்கள். மக்கள் நடக்க மட்டும் என்றால் 60 மி.மீ. கனம் போதும், வண்டி ஏறுமானால் 80 மி.மீ. வேண்டும்.

உழைப்பதெல்லாம் அடியில் இருக்கும் ஜல்லிதான். கல்லுக்கு நேர் கீழே 50 மி.மீ. கனத்துக்குப் பேபி சிப்ஸ் எனும் பொடி ஜல்லி, அதன் கீழ் 100 மி.மீ. கனத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, அதற்கும் அடியில் பெரிய ஜல்லி. மூன்றும் தூள் இல்லாமல் கழுவியவையாக இருக்க வேண்டும். கழுவிய ஜல்லியில் சுமார் 40% வெற்றிடம் உண்டு. எனவே 300 மி.மீ. ஜல்லிப் படுகை தன்மேல் விழும் 120 மி.மீ. மழையை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு, மெல்ல மண்ணுக்குள் விடும். பக்கத்துக் கூரை நீரையும் இதற்குள் திருப்பினால் அந்தக் கணக்கு சுருங்கிவிடும்: படுகையின் பரப்புக்குச் சமமான கூரை என்றால் 60 மி.மீ. மழைக்கே நிரம்பும்.

பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போவது இரண்டு இடங்களில். ஒன்று, சாதாரண பேவர் பிளாக் போட்டுப் பழகிய கை, வழக்கம்போல எம்-சாண்டையோ கிரஷர் தூளையோ பரப்பி, இடுக்குகளிலும் அதையே நிரப்பிவிடுவது. பார்வைக்குத் தளம் அழகாக இருக்கும், மழை வந்தால் மேலேயே தேங்கும். இடுக்கில் நிரப்ப வேண்டியது 2.5 முதல் 9.5 மி.மீ. வரையிலான கழுவிய சிப்ஸ். மற்றொன்று, கட்டட வேலை முடியுமுன்பே தளத்தைப் போடுவது. மண் லாரி நாலு முறை ஏறி இறங்கினால் போதும், இடுக்குகள் அடைபட்டுவிடும். தளம் எப்போதும் கடைசி வேலையாக இருக்க வேண்டும். ஓரங்களில் கான்கிரீட் கட்டை வைத்து இறுக்கவும் வேண்டும், இல்லையென்றால் கற்கள் விலகும்.

நீர் இறங்குகிறதா என்று சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. 300 மி.மீ. விட்டமுள்ள வளையத்தைத் தளத்தில் வைத்து, சுற்றிலும் புட்டி பூசி, முதலில் 3.6 லிட்டர் ஊற்றி நனையுங்கள். அது 30 விநாடிக்குள் இறங்கினால், அடுத்து 18 லிட்டரை, வளையத்துக்குள் 10 முதல் 15 மி.மீ. உயரம் நிற்கும்படி ஊற்றி நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு 15,000 மி.மீ. வேகம், தளம் நன்றாக இருக்கிறது. நனைக்கும்போதே 30 விநாடி தாண்டிவிட்டால் இரண்டாம் முறையும் 3.6 லிட்டரே போதும். அது இறங்க 12 நிமிடம் ஆனால் வேகம் மணிக்கு 250 மி.மீ.க்கு வந்துவிட்டது, இனி சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

சுத்தம் என்றால் வேக்யூம் இழுக்கும் இயந்திரம், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை. வெறும் பிரஷர் வாஷ் அழுக்கை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும். இழுத்த பின் இடுக்கில் குறைந்த சிப்ஸை மறுபடி நிரப்ப வேண்டும். விற்பவர்கள் அதிகம் பேசாத செலவு இதுதான்.

மணல் சேர்க்காமல் வார்க்கும் நுண்துளை கான்கிரீட்டும் நீரை இறக்கும். ஆனால் குழாய் போட அதை உடைத்தால் பழையபடி ஒட்ட வைக்க முடியாது. பேவர் பிளாக்கைக் கழற்றி, வேலை முடித்து, திரும்ப அடுக்கலாம். ஓயாமல் தோண்டப்படும் நகரத் தெருவுக்கு இந்த ஒரு காரணமே போதும், எங்கள் தேர்வு பேவர் பிளாக்தான்.

பெட்ரோல் பங்க், ரசாயனக் கிடங்கு, குப்பை கொட்டி மேடாக்கிய நிலம் ஆகிய இடங்களில் போடவே கூடாது. அழுக்கு நேராக நிலத்தடி நீருக்குப் போகும். கட்டட அஸ்திவாரத்திலிருந்து 3 மீட்டர் தள்ளியிருப்பது நல்லது. படுகையின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் குறைந்தது 600 மி.மீ. இடைவெளி வேண்டும். களிமண் என்றால் துளையிட்ட குழாய் ஒன்றைப் படுகைக்குள் பதித்து, மிஞ்சும் நீரை வடிகாலுக்கு விட வேண்டும்.

வெப்பத்தைத் தணிக்கும் என்ற விளம்பரத்தைப் பாதிதான் நம்பலாம். ஈரம் இருக்கும்வரை ஆவியாதல் தளத்தைக் குளிர்விக்கும். காய்ந்துவிட்டால் வெயிலில் மற்றத் தளத்தைப் போலவே சுடும். ஆகவே மரமும் வெறும் மண்ணும் இருக்கும் இடத்தைப் பெயர்த்து இதைப் போடுவது நஷ்டம். ஏற்கெனவே மூடிக்கிடக்கும் பரப்பைத் திறக்கவே இது ஏற்றது.

வேலை கொடுக்கும்போதே, படுகையின் அடிவரை இறங்கும், 100 மி.மீ. விட்டமுள்ள, துளையிட்ட குழாய் ஒன்றை மூடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். பெருமழை ஓய்ந்து 72 மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே தண்ணீர் இருக்கக் கூடாது. இருந்தால் கோளாறு மேலே இல்லை, அடி மண்ணிலோ வடிகுழாயிலோ இருக்கிறது.